ஸ்டாப் மட்டும் தெரிந்தவர்கள்

எங்கள் கம்பெனியில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. யார் என்ன தைக்கிறாரோ அதுவே அவர் பெயர். சட்டைக்குக் காலர் வைப்பவர் காலர் அக்கா. பாக்கெட் வைப்பவள் பாக்கெட். பொத்தான் துளைக்குக் காஜா போடுபவள் காஜா. தைத்து முடித்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்புவது என் வேலை. அதனால் நான் செக்கிங். சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே எங்களுக்கு ஒட்டிக்கொண்டது. எப்போதாவது ஆபீசிலிருந்து யாராவது வந்து காகிதத்தைப் பார்த்து முழுப்பெயரை வாசித்தால், "யாருடி அது?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

கம்பெனி வில்லியனூரைத் தாண்டி இருக்கிறது. எங்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன். அது காலையில் பாகூரில் கிளம்பும். அங்கே காஜா ஏறுவாள். கரிக்கலாம்பாக்கம் கூட்ரோட்டில் காலர் அக்காவும் பாக்கெட்டும் ஏறுவார்கள். மங்கலத்தில் ஏழே முக்காலுக்கு நான். வில்லியனூர்ப் பக்கத்தில் மற்றவர்கள். டிரைவர் அண்ணன் பாகூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஸ்டாப் வந்ததும் ஒரு நீள ஹாரன், இரண்டு குட்டி ஹாரன் அடிப்பார். அந்தச் சத்தத்துக்கே என் கால் செருப்பைத் தேடும்.

புயல் வந்தபோது எனக்கும் காலர் அக்காவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஆடி மாதத்தில் ஆரம்பித்த சண்டை அது. அன்று காலையில் சூப்பர்வைசர் என்னை எல்லாரையும் வைத்துக்கொண்டு கிழித்துவிட்டார். முந்தின வாரம் நான் பாஸ் பண்ணி அனுப்பியதில் கோணல் பீஸ்கள் போய்விட்டனவாம். அந்தப் பயத்தில், காலர் அக்காவிடமிருந்து வந்த ஒரு பண்டில் முழுவதையும் திருப்பி அனுப்பினேன். நாற்பது சட்டை. நாற்பதிலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, நூல் வெட்டும் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே என் மேஜைக்கு வந்தார்.

"இருவது வருஷத்துக்கு மேல காலர் வெக்கிறன். என் பீஸு திரும்பி வந்தா ஒண்ணு ரெண்டுதான் வரும். நாப்பதும் திரும்பி வந்தா அது என் கையி இல்ல, உன் கண்ணு."

நானும் சும்மா இருக்கவில்லை. "வயசாயிடுச்சுன்னா ஒத்துக்கணும்க்கா" என்று சொல்லிவிட்டேன். லைன் முழுக்கக் கேட்டது. சொன்ன நிமிஷமே வாயைத் தைத்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது. அக்கா திரும்பிப் போய் நாற்பதையும் பிரித்துத் திரும்பத் தைத்தார். அதற்குப் பிறகு நாலு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேனில் என்னிடம் எதையாவது சொல்ல வேண்டியிருந்தால், "காஜா, அந்தக் கண்ணாடிய மூடச் சொல்லு, சாரல் அடிக்குது" என்பார். காஜா என்னைப் பார்ப்பாள். நான் மூடுவேன்.

புயல் சனிக்கிழமை இருட்டிய பிறகு கரையேறியது. காற்று இரண்டு மூன்று மணி நேரத்தில் அடங்கிவிட்டது, மழைதான் அடங்கவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கொட்டியது. என் வீட்டுக்காரர் பெயின்ட் வேலைக்கு ஓசூர் போயிருந்தார். நானும் காலேஜில் படிக்கிற மகளும்தான். எங்கள் வீட்டுச் சிமென்ட் ஷீட்டில் ஆறு பறந்து போயிற்று. ஒன்று எதிர்வீட்டு வேப்பமரத்தில் போய் மாட்டிக்கொண்டது. பக்கத்து மாடி வீட்டுக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார்கள். கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இருந்தவர்களுக்கு டவர் இல்லை. ஏரி உடைந்துவிட்டது, ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், பாகூர் மூழ்கிவிட்டது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எது நிஜம் என்று யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை மழை விட்டது. வீட்டுக்குள் கணுக்காலுக்குச் சேறு. நான் ஒரு பழைய தட்டால் சேற்றை வழித்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் வாசலில் இருந்து, "அம்மா, யாரோ வராங்க பாரு" என்றாள்.

தெருவில் முழங்கால் தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் தூக்குவாளியை உயர்த்திப் பிடித்தபடி ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். நடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. காலர் அக்கா. கரிக்கலாம்பாக்கத்திலிருந்து அந்தத் தண்ணீரில் நடந்து வந்திருக்கிறார். இதற்கு முன்னால் அவர் என் வீட்டுக்கு வந்ததே இல்லை, தெருத் தெருவாக விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

அவர் வாசலில் நின்றார். நான் உள்ளே சேற்றுத் தட்டோடு நின்றேன். எங்களுக்கு நடுவில் நாலடி கூட இருக்காது. அக்கா என் மகளைப் பார்த்துக் கேட்டார்:

"பாப்பா, உங்கம்மாவுக்கு அடி கிடி ஏதும் படலியே?"

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு வழக்கப்படியே வந்துவிட்டது:

"வந்தவங்களுக்குக் கண்ணு தெரியாதான்னு கேளு. முழுசா நிக்கிறன் பாரு."

"முழுசா நிக்கிறாளான்னு பாக்கத்தான் வந்தன்னு சொல்லு. மங்கலத்துல வேப்பமரம் விழுந்து ஒரு பொம்பள போயிட்டாள்னு கூட்ரோட்டுல பேசிக்கினாங்க. யாரு இன்னான்னு ஒருத்தனுக்கும் தெரியல."

சொல்லிவிட்டுப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஈரப்படி என்றுகூடப் பார்க்கவில்லை. நான் தட்டைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சேற்றுக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். அப்படி யாரும் எங்கள் தெருவில் செத்துப் போகவில்லை. மரம் விழுந்ததென்னவோ உண்மை. ஒரு ஆட்டுக்கொட்டகைதான் போயிற்று.

தூக்குவாளியில் கஞ்சி இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. மூடியில் எலுமிச்சை ஊறுகாய். மகளுக்கு ஊற்றினார், எனக்கு ஊற்றினார். நாங்கள் குடித்து முடிக்கும் வரை வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, வானம் தெரிகிற கூரையை எண்ணி, "ஆறு ஷீட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"உங்க வூடு எப்படிக்கா?" என்று கேட்டேன். நாலு மாதத்துக்குப் பிறகு நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அக்கா பதில் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் மகளைப் பார்த்தும் சொல்லவில்லை. தெருத் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். "ஓடு கொஞ்சம் சரிஞ்சுது. அது கெடக்குது. பாக்கெட்டுதான் எனக்கு மனசுல நிக்கிறா. ஏழு மாசம். நேத்து காலைல இருந்து போன் போட்டுப் பாத்தேன், கெடைக்கவே இல்ல. கரியமாணிக்கம் பக்கம் ஏரித்தண்ணி புகுந்துடுச்சுன்றாங்க."

பாக்கெட் எங்களில் சின்னவள். கல்யாணமாகி இரண்டு வருடம். கரியமாணிக்கத்தில் இருந்து புருஷன் அவளைப் பைக்கில் கூட்டிவந்து கரிக்கலாம்பாக்கம் கூட்ரோட்டில் விடுவான். அடுத்த மாதத்தோடு நின்றுவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மசக்கை இருந்த நாட்களில் வேனில் ஜன்னல் சீட்டை யார் கொடுப்பது என்று எங்களுக்குள் போட்டி நடக்கும்.

"போலாமா?" என்றேன்.

"அதுக்குத்தான வந்தன்" என்றார் அக்கா. என்னைப் பார்க்கத்தான் வந்ததாகச் சற்று முன்னால் சொன்னது அவருக்கு மறந்துவிட்டது. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். மெயின்ரோட்டை எட்டும்போது ஒரு நீள ஹாரன் கேட்டது. பிறகு இரண்டு குட்டி ஹாரன். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கம்பெனி எப்படியும் திறந்திருக்காது. யாரும் வேனை அனுப்பச் சொல்லியிருக்க முடியாது.

மங்கலம் ஸ்டாப்பில் எங்கள் வேன் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் அண்ணன் கதவைத் திறந்து வைத்து, ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி இன்னொரு முறை ஹாரன் அடிக்கக் கையைக் கொண்டுபோனார். எங்களைக் கண்டதும் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏழே முக்காலு ஸ்டாப்பு. பத்து மணிக்கு வந்துகினு கீறேன். யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணிடாதீங்க."

சனிக்கிழமை சாயங்காலமே வேனை மேட்டில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் கொண்டுபோய் விட்டிருக்கிறார். தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "ஏன்ணா, எங்க வூட்டுக்கு வர வேண்டியதுதான?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்குக் காதில் இருக்கிறது. "எனக்கு உங்க ஸ்டாப்புதான தெரியும், வூடு எங்க தெரியும்? ஸ்டாப்புல நின்னு ஹாரன் அடிச்சா, இருக்கிறவங்க வருவீங்க. வரலன்னா யாரையாவது கேப்பேன். கரிக்கலாம்பாக்கத்துல அடிச்சேன், காலரு வரல. எனக்கு அப்படியே கை காலு ஓடல. அப்புறம் டீக்கடைக்காரன்தான் சொன்னான், தூக்கு எடுத்துகினு இந்தப் பக்கம் நடந்து போச்சுன்னு."

பின் சீட்டில் இருந்து ஒரு தலை எழுந்தது. காஜா. தலைமுடி காயாமல் ஒட்டிக்கிடந்தது. யாருடைய நைட்டியோ, அவளுக்கு இரண்டு சுற்று பெரிது. மடியில் இரண்டு பிரெட் பொட்டலம்.

காஜா பாகூர் ஏரிக்குக் கீழே இருக்கிற தெருவில் அம்மாவோடு இருக்கிறாள். புருஷன் இறந்து ஆறேழு வருடம். ஞாயிறு காலை சர்ச் பூசைக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே தண்ணீர் வாசல்படி ஏறிவிட்டது. கட்டிலில் ஏறி, பிறகு பரணில் ஏறி, மத்தியானம் படகில் வந்தவர்கள் ஓட்டைப் பிரித்து இவர்களை இறக்கியிருக்கிறார்கள். இப்போது இருவரும் பள்ளிக்கூடத்து முகாமில். டிரைவர் அண்ணன் பாகூர் ஸ்டாப்பில் ஹாரன் அடித்தபோது, சத்தம் அந்தப் பள்ளிக்கூடம் வரை கேட்டிருக்கிறது.

"எங்கம்மா போவாதடின்னுச்சு" என்றாள் காஜா. "அங்க உக்காந்து இன்னா பண்றது? எங்க வூட்டைப் பத்தியே நெனச்சிகினு இருக்கணும். மத்தவங்க வூட்டப் பாக்கலாம்னு வந்துட்டேன். பிரெட்டு குடுத்தாங்க, சாப்புடுங்க."

அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். காஜாவும் அதுவரை அழாமல் இருந்தவள், அப்போதுதான் அழுதாள். டிரைவர் அண்ணன் வண்டியைத் திருப்பாமல், கண்ணாடி வழியாகவும் பார்க்காமல், ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வேன் தெற்கே போனது. இரண்டு பக்கமும் வயலே தெரியவில்லை. கதிர் வாங்குகிற நேரத்து நெல் எல்லாம் தண்ணீருக்கு அடியில். மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. அங்கங்கே ஆட்கள் மரத்தை அறுத்து வழி விட்டுக்கொண்டிருந்தார்கள். கரிக்கலாம்பாக்கம் கூட்ரோடு வந்ததும் அண்ணன் பழக்கத்தில் ஹாரன் அடித்தார். அடித்துவிட்டு, "இனிமே எங்க?" என்று எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் உறைத்தது. பாக்கெட்டின் வீடு எங்களில் யாருக்கும் தெரியாது.

இரண்டு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவள். அவளுக்குக் கத்திரிக்காய் பிடிக்காது என்று தெரியும். நாத்தனார் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டே தூங்குவாள் என்று தெரியும். புருஷன் அவளைக் கோபத்தில் என்ன சொல்லித் திட்டுவான், பிறகு எப்படிச் சமாதானம் பண்ணுவான் என்பது கூடத் தெரியும். தெருப் பெயர் தெரியாது.

"ஒவ்வொருத்தரும் யோசிங்க" என்றார் அக்கா. "அவ சொன்னது எதுனா."

"மாரியம்மன் கோயில் மைக்கு அவ ஜன்னல் பக்கம்தான் பாத்துகினு இருக்கும்" என்றாள் காஜா. "ஆடி மாசம் முழுக்கத் தூக்கம் இல்லன்னு சொல்லுவா."

"எதிர்ல தண்ணி டேங்க்கு" என்றேன் நான். "டேங்க்கு ரொம்பி வழிஞ்சா அவங்க வாசல்தான் சேறாவும்."

"மாமியா வூட்டுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சிருக்குதுன்னு, பாக்க சகிக்கலன்னு ஒரு நாள் பூரா பொலம்புனா" என்றார் டிரைவர் அண்ணன். நாங்கள் மூவரும் அவரைப் பார்த்தோம். "இன்னா பாக்கறீங்க? வண்டி ஓட்டும்போது காதை மூடிக்கினா ஓட்டுவேன்?"

கரியமாணிக்கத்துக்குப் பிரிகிற ரோட்டில் பாதி தூரம்தான் வேன் போனது. ஒரு சின்னப் பாலத்துக்கு மேல் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. ஆழம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, இழுப்பும் இருந்தது. அந்தப் பக்கம் இருந்து வந்த இரண்டு பேர், "கையைப் புடிச்சிகினு வந்தா வந்துடலாம், தனியா எறங்காதீங்க" என்றார்கள். டிரைவர் அண்ணன் வேனை ஓரம் கட்டி, வேட்டியை மடித்துக் கட்டி, முதலில் இறங்கினார். அவர் கையைக் காஜா பிடித்தாள். காஜாவின் கையை நான் பிடித்தேன். என் இன்னொரு கை சும்மா இருந்தது. அக்கா பின்னால் நின்றார்.

ஒரு நிமிஷம்தான். பிறகு அவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"புடி கெட்டியா" என்றார். "வழுக்கும்."

"புடிச்சிகினுதான் கீறேன்."

"இதுவா புடி? நாப்பது ஸ்டிக்கர் ஒட்டுன கைதான இது?"

தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டு காஜா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிரிப்பில் அவள் கால் தடுமாற, நாங்கள் நாலு பேரும் ஒரு சுற்றுச் சுற்றி, அண்ணன் மட்டும் வேரூன்றின மாதிரி நின்றதால் விழாமல் தப்பித்தோம். "கரை ஏறினப்புறம் சண்ட போடுங்களேன்மா" என்று கெஞ்சினார் அவர்.

ஊருக்குள் போய்க் கோயிலைக் கேட்டோம். கோயிலுக்குப் பக்கத்தில் தண்ணி டேங்க். டேங்க்குக்கு எதிரில் பச்சை வீடு. அண்ணன் சொன்னது சரிதான், பார்க்க சகிக்காத பச்சை. கதவு பூட்டியிருந்தது. வாசலில் சேறு. சுவரில் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு. திண்ணையில் ஒரு பெண் செருப்பு ஒன்று மட்டும் கிடந்தது. பாக்கெட்டின் செருப்பு அது. வேனில் ஏறும்போது எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அக்கா அந்தச் செருப்பை எடுத்துச் சேற்றைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு மாடியில் இருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "யாரு நீங்கோ? அந்தப் பொண்ணுக்கு நேத்து வலி வந்துடுச்சு. டிராக்டர்ல ஏத்திகினு ஆஸ்பத்திரிக்குப் போனாங்கோ. அதுக்கப்புறம் ஒரு சேதியும் இல்ல."

ஏழு மாதத்தில் வலி. எனக்கு முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் தங்காமல் போனது. அது கம்பெனியில் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். எப்போதோ ஒரு ஓவர்டைம் நாளில் சொல்லியிருக்கிறேன். அவர் நடந்துகொண்டே என் தோளில் கையை வைத்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், எடுக்கவே இல்லை.

சின்ன ஆஸ்பத்திரி அது. ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் தூரத்திலேயே கேட்டது. வராந்தா முழுக்க ஆட்கள். கோடியில் ஒரு பெஞ்சில், சுவரில் சாய்ந்து, வயிற்றின் மேல் ஒரு தட்டை வைத்துக்கொண்டு பாக்கெட் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எங்களைப் பார்த்தாள். இடுப்பு வரை சேறோடு வரிசையாக நாலு பேர். முதலில் அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. தெரிந்ததும் கரண்டியை வைத்துவிட்டாள்.

"இன்னாக்கா இது? நீங்க ஏன்க்கா வந்தீங்க? தண்ணி இன்னா வேகத்துல போவுது! உங்களுக்கெல்லாம் அறிவு கீதா?"

திட்டிக்கொண்டே அழுதாள். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து அவள் வயிற்றில் கை வைத்தார். "வலி?"

"நின்னு போச்சுக்கா. அது பொய் வலியாம். பயந்ததுல வந்துடுச்சுன்னு சிஸ்டர் சொன்னாங்க. நல்லா உதைக்கிறான் பாருங்க. தண்ணி வடியட்டும், அதுவரைக்கும் இங்கயே இருன்னுட்டாங்க."

நான் தரையிலேயே உட்கார்ந்தேன். காஜா மிச்சம் இருந்த பிரெட்டைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தாள், பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்களுக்கும் சேர்த்து.

"உன் வூட்டுக்காரர் எங்கடி?" என்று கேட்டேன்.

பாக்கெட் விழித்தாள். "அவரா? விடியறதுக்குள்ள அனுப்பிட்டேன்க்கா. காலர் அக்கா வூட்டு ஓடு பழசு, அவங்க தனியா வேற இருக்காங்க, போய்ப் பாத்துட்டு வா, இல்லன்னா உப்புமா எறங்காதுன்னேன். அவரு வயக்காட்டு வழியா போனாரு. நீங்க பாக்கலியா?"

பார்க்கவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு அவன் வந்தான். தலை முதல் கால் வரை நனைந்து, முகம் வெளுத்து, எங்களை யாரையும் கவனிக்காமல் நேராக மனைவியிடம் போய் மெதுவான குரலில் சொன்னான்: "நீ பயப்படக்கூடாது. அக்கா வூடு பூட்டிகினு கீது. ஓடெல்லாம் சரிஞ்சு கெடக்குது. அக்கம்பக்கம் கேட்டேன். செக்கிங் அக்காவைப் பாக்க மங்கலம் போனாங்கன்னாங்க. அங்கயும் போனேன். அந்தக்கா வூட்ல மேல கூரையே இல்ல. அவங்களையும் காணோம். பக்கத்து வூட்ல இருந்த ஒரு பொண்ணு மட்டும், எங்கம்மா யாரையோ தேடிப் போயிருக்குன்னுச்சு."

"என்னைத் தேடித்தான் வந்திருக்குது" என்று பாக்கெட் எங்களைக் காட்டினாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு, "யக்கா, காலைல இருந்து எத்தினி மைலு நடந்தேன் தெரியுமா!" என்றான். வராந்தா முழுக்கச் சிரித்தது. ஊசி போட வந்த சிஸ்டரும் சிரித்துவிட்டு, எல்லாரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார்.

திரும்பி வரும்போது தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்தது. வேனில் காஜா முன் சீட்டில் தூங்கிவிட்டாள். நானும் அக்காவும் பின்னால். கரிக்கலாம்பாக்கம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது.

"அக்கா, அந்த நாப்பது பீஸு. பாதிய நான் பிரிச்சே பாக்கல. பயத்துல ஒட்டிட்டேன்."

"தெரியும்" என்றார். "நான் தெச்சது எனக்குத் தெரியாதா?"

பிறகு அவராகச் சொன்னார். "ஆனா மீதிப் பாதி கோணல்தான். நீ வயசாயிடுச்சுன்னப்போ எனக்கு ஏன் அவ்ளோ கோவம் வந்துச்சு தெரியுமா? ஆறு மாசமா ஊசி ரெண்டு ரெண்டா தெரியுது. எது நெஜ ஊசின்னு குத்துமதிப்பாத்தான் தெக்கிறேன். வெளிய சொன்னா எங்க காலர்ல இருந்து எடுத்து, நூலு வெட்ட உக்கார வெச்சிடுவாங்களோன்னு யாருகிட்டயும் சொல்லல."

நான் அவர் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் நகத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன ஊசிக்குத்துகள். நாலு மாதமாகத் தினமும் எதிரில் இருந்தும் நான் அதைப் பார்க்கவில்லை. சட்டையில் அரை நூல் விலகினால் கண்டுபிடிக்கிறவள் நான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா."

"எப்படிச் சொல்றது? நமக்குள்ளதான் பேச்சே இல்லியே" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கம்பெனி திறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அக்காவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய கோளாறு எதுவும் இல்லை, கண்ணாடி போட்டால் போதும் என்றார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கடைக்காரரின் சட்டைக் காலரைத்தான் முதலில் பார்த்தார். "இந்தத் தையல் யாரு போட்டது? அசிங்கமா கீது" என்றார். அந்த மனிதர் திகைத்துப்போனார். காஜாவும் அவள் அம்மாவும் முகாமில் இருந்து வந்து, வீடு காய்கிற வரை டிரைவர் அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தார்கள். பாக்கெட்டுக்கு மாசி மாதத்தில் பிள்ளை பிறந்தது. உதைத்தது பையன் என்று அவள் நிச்சயமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்.

புயலுக்கு மறு வாரம் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஊருக்கு வந்திருந்தார். ஷீட் கிடைக்கவில்லை. எங்கே கேட்டாலும் ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். காலையில் வேன் எங்கள் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. அண்ணன், காஜா, காலர் அக்கா, பாக்கெட்டின் புருஷன், ஒரு பெரிய நீலத் தார்ப்பாய். பாக்கெட் வரக்கூடாது என்று சொல்லியும் வந்து, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மேலே ஏறியவர்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா தார்ப்பாயின் கிழிந்த ஓரத்துக்குக் கோணி ஊசியால் இரட்டைத் தையல் போட்டார். கண்ணாடி மூக்கு நுனியில்.

மத்தியானம் அந்த நீல வெளிச்சத்தில் எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாம்பாரும் முட்டைப் பொரியலும். பாதியில் சடசடவென்று மழை பிடித்தது. அத்தனை பேரும் சோற்றுக் கையோடு மேலே பார்த்தோம். தார்ப்பாய் தொப்பென்று தொங்கியது, தாங்கியது. ஓர் ஓரத்தில் மட்டும் சொட்டியது. சரியாகக் காஜாவின் தட்டுக்கு மேல். அவள் தட்டோடு அரையடி நகர்ந்து உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துங்கக்கா" என்றாள்.